பழைய பேப்பர்

பெண் பார்க்க வருகிறவர்கள் பாடச் சொல்வார்கள், நடந்து காட்டச் சொல்வார்கள். சாமுண்டீஸ்வரியைப் பேப்பர் படிக்கச் சொன்னார்கள். சொன்னது மாப்பிள்ளையேதான். பம்மலில், தோல் கம்பெனி வாடை கூடம் வரைக்கும் வந்து உட்கார்ந்திருக்கும் அந்தச் சின்ன வீட்டில், பஜ்ஜித் தட்டுக்கு அடியில் கிடந்த தினசரியை உருவி அவள் பக்கம் நீட்டினான் பொன்னுரங்கம். "இதுல கொஞ்சம் படிக்கச் சொல்லுங்க, கேப்போம்" என்றான். எண்ணெய் ஊறிய தாளில் எங்கேயோ லாரி கவிழ்ந்த செய்தி இருந்தது. அதை அவள் ஒரு எழுத்து விடாமல் படித்தாள். அவன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். முடிந்ததும் "பொண்ணு புடிச்சிருக்கு" என்று எழுந்துவிட்டான்.

தோல் கம்பெனியில் வாட்ச்மேனாக இருந்த அவள் அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. பொட்டைப் பிள்ளையைப் பத்தாவது வரைக்கும் எதற்குப் படிக்கவைக்கிறாய் என்று கேட்ட உறவு ஜனமெல்லாம் அன்றைக்கு வாயை மூடிக்கொண்டது. மாப்பிள்ளை வீடோ செம்பாக்கத்தில் ஏரிப் பாசனத்து நிலம் வைத்திருந்த குடும்பம். அந்த வீட்டுப் பிள்ளை நகை கேட்காமல், நிறம் பார்க்காமல், படிப்பைப் பார்த்துக் கட்டிக்கொண்டான் என்று பம்மலில் ரொம்ப நாள் பேச்சாக இருந்தது.

கல்யாணமான மறுவாரமே தினசரி போடச் சொல்லிவிட்டான். விடிந்ததும் அவன் காபி டம்ளரோடு கட்டிலில் சாய்ந்துகொள்வான். "படி சாமுண்டி. நீ படிச்சாத்தான் எனக்குப் பொழுது விடியுது" என்பான். தலைப்பிலிருந்து சிமெண்ட் விளம்பரம் வரைக்கும் அவள் படிப்பாள். மற்ற புருஷன்மார் பூவும் அல்வாவும் வாங்கி வந்தார்கள். அவளுக்குத் தினமும் பேப்பர் வந்தது. பிரசவத்துக்குப் போயிருந்த மாதங்களில்கூட, ஞாயிற்றுக்கிழமையானால் ஒரு வாரத்துப் பேப்பரைக் கட்டி எடுத்துக்கொண்டு பம்மலுக்கு வந்து நிற்பான். தன் குரலுக்காகத்தான் வருகிறான் என்று அவள் உள்ளுக்குள் பூத்துப் போவாள். இப்படியே பன்னிரண்டு வருஷம் போயிற்று.

அந்தப் பன்னிரண்டு வருஷத்தில் செம்பாக்கம் அடையாளம் தெரியாமல் மாறியிருந்தது. நெல் விளைந்த இடமெல்லாம் பிளாட் கல் நட்டார்கள். பொன்னுரங்கமும் பாதி நிலத்தை விற்று, மீதியில் செங்கல், மணல், ஜல்லி வியாபாரம் போட்டான். வீட்டை ஒட்டியே யார்டு. லாரி வந்தால் பெண்கள் இரும்புச் சட்டியோடு ஓடுவார்கள். ஆடிக் காற்றில் மணல் பறந்து, சோற்றுப் பானை மூடியைத் திறக்கும் அவகாசத்தில் ஒரு பிடி உள்ளே விழுந்துவிடும். கணக்கெழுத ஒரு பையன், பில் போட ஒரு பையன் இருந்தார்கள். பொன்னுரங்கம் நாற்காலியில் உட்கார்ந்து குரல் கொடுப்பான். கையெழுத்து மட்டும் வாலும் தலையுமாக அவ்வளவு அழகாகப் போடுவான்.

அவர்களுக்கு ஒரே பெண். அவன் அம்மா பேரையே வைத்துக் கிளியம்மாள், கூப்பிடக் கிளி. பத்து வயது. பேரில்தான் கிளி. பக்கத்தில் இருப்பவளின் ஜடையை பெஞ்சுக் காலில் கட்டிவிடுவாள், வாத்தியார் குடையில் கல் போட்டு வைப்பாள், யாராவது சிரித்தால் கடித்துவிடுவாள். ராஜகீழ்ப்பாக்கம் போகிற வழியில் இருந்த அந்தப் பள்ளிக்கூடத்திலிருந்து ஆள் வராத வாரமே கிடையாது. ஆள் வந்த அன்றைக்கெல்லாம் பொன்னுரங்கம் யார்டிலிருந்து மர ஸ்கேலோடு உள்ளே வருவான்.

"படிக்கிறதுக்கு அனுப்புனா ரௌடித்தனம் பண்ணிகினு வர்றியா? எழுத்துக் கத்துக்காத கழுதைக்கு இன்னாத்துக்குடி சோறு?" என்று முதுகில் இறங்கும் ஸ்கேல். கிளி அழமாட்டாள். பல்லைக் கடித்துக்கொண்டு சுவரையே பார்ப்பாள். அழாததற்கும் சேர்த்து விழும்.

அந்த வருஷம் ஆனி மாதக் கடைசியில், ஒரு பிள்ளையின் சட்டையில் இங்கி பாட்டிலைக் கவிழ்த்துவிட்டாள் என்று பள்ளிக்கூடத்தில் டி.சி. தருவதாகச் சொல்லிவிட்டார்கள். சாமுண்டி போய்க் கெஞ்சினாள். தமிழ் வாத்தியார் தாவீது சார் நல்ல மனிதர்தான், ஆனாலும் அலுத்துப் போயிருந்தார்.

"மத்த பீரியட்ல இவ்ளோ இல்லம்மா. என் பீரியட்லதான். அதுவும் வாசிப்பு வைக்கிற அன்னிக்குத்தான்" என்றார். "பெஞ்ச் பெஞ்சா வாசிக்கச் சொல்லிட்டு வருவேன். முன் பெஞ்ச் முடியற வரைக்கும் சாது மாதிரி உக்காந்திருப்பா. அதுக்கு மேல பூகம்பம்தான். வெளியில அனுப்பிடுவேன். வேற என்ன பண்றது?"

"அப்ப அவ வாசிச்சு நீங்க கேட்டதே இல்லையா சார்?"

தாவீது சார் யோசித்தார். யோசிக்க யோசிக்க அவர் முகம் ஒரு மாதிரி ஆயிற்று. "ஒப்பிப்பாம்மா. பிரமாதமா ஒப்பிப்பா" என்றார். கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை என்று அவருக்கே தெரிந்தது.

அன்று சாயங்காலம் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே மகளை எதிரில் உட்காரவைத்துப் பாடம் படிக்கச் சொன்னாள் சாமுண்டி. கிளி புத்தகத்தை விரித்து, ஒரு ஏரியையும் கொக்கையும் பற்றிய பாடத்தைக் கணீரென்று படித்தாள். எட்டிப் பார்த்தால், விரித்திருந்த பக்கத்தில் ரயில் வண்டிப் படம். சாமுண்டி எதுவும் சொல்லாமல் இன்னும் இரண்டு தாளைப் புரட்டிவிட்டாள். கிளியின் குரல் தடுமாறவில்லை. ரயிலைப் பார்த்தும் கொக்கு, கோபுரத்தைப் பார்த்தும் கொக்கு. கண்ணை மட்டும் வரிக்கு வரி இடமிருந்து வலமாக ஓட்டிக்கொண்டிருந்தாள்.

"கிளி, இது இன்னா எழுத்து?" என்று ஒன்றைத் தொட்டுக் காட்டினாள்.

கிளி அதைப் பார்த்தாள். நாக்கால் உதட்டை நக்கினாள். வலது காலால் இடது காலைத் தேய்த்தாள். தாளின் மூலையை விரலால் சுருட்ட ஆரம்பித்தாள். அடுத்த நொடி கீரை முறம் பறந்து போய்ச் சுவரில் விழுந்தது.

சாமுண்டி அடிக்கவில்லை. கீரையைப் பொறுக்கக்கூட எழுந்திருக்கவில்லை. நாக்கு, கால், தாளின் மூலை. இதே மூன்றையும் இதே வரிசையில் எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று உட்கார்ந்திருந்தாள். ஒன்றொன்றாக வந்தது. நாத்தனார் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையைக் கையில் கொடுத்தபோது, "கண்ணுல தூசி, நீ படி" என்று அவன் நீட்டியது. தாம்பரம் மார்க்கெட் பஸ் நிறுத்தத்தில், வந்த பஸ்ஸையெல்லாம் "இது எங்க போவுது?" என்று கண்டக்டரிடம் கேட்டது. ஆஸ்பத்திரியில் எந்தக் கதவு என்று தெரியாமல் நின்றுவிட்டு, அவளிடம் எரிந்து விழுந்தது. கடைசியாக, பஜ்ஜித் தட்டுக்கு அடியில் கிடந்த பேப்பர்.

மறுநாள் காலையில் தலைவலி என்று சொல்லி, நீங்களே படித்துக்கொள்ளுங்கள் என்று பேப்பரை அவன் மடியில் போட்டாள். அது தைப் பொங்கல் சமயத்துப் பேப்பர். சாமான் அலமாரியில் விரித்திருந்ததை உருவி, மடிப்புக் கலையாமல் நீவி வைத்திருந்தாள். பொன்னுரங்கம் அதை விரித்தான். காபி தீரும் வரைக்கும் பக்கம் பக்கமாகத் திருப்பினான். ஒரு இடத்தில் "த்ச்" என்றுகூடச் சொன்னான். பிறகு மடித்துவிட்டு எழுந்தான்.

"ஒண்ணும் விசேசமில்ல" என்றான்.

அடுப்பங்கரைக்குப் போய், கொதிக்கிற உலைக்கு முன்னால் நின்றாள் சாமுண்டி. எழுத்துத் தெரியாத புருஷன் ஊரில் எத்தனையோ பேருக்கு உண்டு, அதற்காக ஒருத்தி கோபப்படுவாளா? என் குரலைக் கேட்க வந்தான் என்று நினைத்தேனே, கண்ணுக்குப் பதில் ஒரு கண் வாங்க வந்திருக்கிறான் என்பதுதான் முதலில் சுட்டது. அது ஆறிக்கூடப் போயிருக்கும். ஆனால் கிளியின் முதுகு? தனக்கு வராத ஒன்று மகளுக்கும் வரவில்லை, அது எப்படி வராமல் போகும் என்று இந்த உலகத்திலேயே தெரிந்த ஒரே ஆள் அவன். அவன்தான் ஸ்கேலைத் தூக்குகிறான். அந்த நினைப்பு வந்ததும் அவள் உடம்பு முழுக்க உலை மாதிரி கொதித்தது.

ஆனாலும் ஒரு வாய்ப்புக் கொடுத்தாள். ராத்திரிச் சாப்பாட்டில் வஞ்சிரக் கருவாட்டுக் குழம்பு ஊற்றி, அவன் முகம் மலர்ந்திருக்கிற நேரமாகப் பார்த்துக் கேட்டாள்.

"கிளிக்கு எழுத்து நிக்கலைங்க. அத்த மறைக்கத்தான் இந்த ஆட்டம் ஆடுது. உங்க வூட்டுல யாருக்காச்சும் இந்த மாதிரி இருந்திருக்கா?"

அவன் கை தட்டிலேயே நின்றது. கண் ஒரு முறை அவளைத் தொட்டுவிட்டுக் குழம்புக்குப் போயிற்று.

"எங்க வூட்டுலயா? எங்க அண்ணன் சிட்டிபாபு அம்மன் நோட்டீஸ் படிச்சா கோயிலே அதிரும். எங்க பரம்பரைல அல்லாரும் படிச்சவங்க" என்றான். "இது பம்மல் ரத்தம். தோல் நனைக்கிற தொட்டி வாடை."

சொன்னதோடு விடவில்லை. திண்டிவனம் பக்கம் ஒரு ஆஸ்டல் இருக்கிறதாம், மொட்டை அடித்துச் சங்கிலி போடாத குறையாக வளர்ப்பார்களாம், ஆடி கழிந்ததும் கொண்டுபோய்த் தள்ளப்போகிறேன் என்றான். கிளி கதவிடுக்கில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவனுடைய புதுச் செருப்பு மறுநாள் காலையில் கிணற்றில் மிதந்தது. அதற்கும் ஸ்கேல் வந்தது. இந்தத் தடவை ஸ்கேலின் இரும்பு விளிம்பு பட்டுத் தோள்பட்டையில் தோல் கிழிந்தது.

மகளுக்கு மஞ்சள் பற்றுப் போடும்போதுதான் சாமுண்டி முடிவெடுத்தாள். ஆஸ்டலைத் தடுக்க வேண்டும். அதற்கு முன்னால், இந்தப் பிள்ளை அந்த வகுப்பில் தினம் தினம் என்ன பயம் பயந்ததோ, அதை அவன் ஊர் நடுவில் நின்று படவேண்டும். பட்டால்தான் புரியும். புரியாவிட்டாலும் பரவாயில்லை, பட்டால் போதும்.

வழி ஆடியிலேயே வந்தது.

செம்பாக்கத்து அங்காளம்மனுக்கு ஆடி மூன்றாம் ஞாயிறு கூழ் வார்ப்பார்கள். அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை, அச்சடித்து வந்த மஞ்சள் நோட்டீஸை அம்மன் காலில் வைத்து எடுத்து, மைக்கில் முழுதாகப் படிக்கவேண்டும். அம்மனே கேட்டுச் சம்மதித்தாள் என்று அர்த்தம். நோட்டீஸ் படிப்பது பொன்னுரங்கம் குடும்பத்து உரிமை, கூழ் வார்ப்பது குப்புராஜ் குடும்பத்து உரிமை. தாத்தா காலத்து வழக்கு வியாஜ்ஜியமெல்லாம் முடிந்து வந்த ஏற்பாடு அது. இத்தனை வருஷமும் சிட்டிபாபு படித்தார். சித்திரையில் அவருக்குப் பக்கவாதம் வந்து வாய் இழுத்துக்கொண்டது. இனித் தம்பிதான் படிக்கவேண்டும். மாட்டேன் என்றால் உரிமை குப்புராஜ் கைக்குப் போகும். பொன்னுரங்கம் மார்பைத் தட்டி ஒத்துக்கொண்டு வந்திருந்தான்.

வியாழக்கிழமை பொழுது சாயும்போது நோட்டீஸோடு வீட்டுக்கு வந்தான். கண்ணில் சிமெண்ட் தூசி என்று துண்டால் துடைத்துக்கொண்டான்.

"ஒரு தபா நிறுத்தி நிதானமாப் படி சாமுண்டி. காதால கேட்டுகினா நாளைக்கி நாக்கு புரளாது."

அவள் கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். படித்தாள். அவன் கண்ணை மூடி, ஒவ்வொரு வரிக்கும் உதட்டை அசைத்தான். பேப்பர் கேட்கும்போதும் இப்படித்தான் அசைப்பான்; இத்தனை நாள் அதைத் தன் குரல்மேல் உள்ள ஆசை என்று நினைத்திருந்தாள். காப்பு கட்டுதல், பால்குடம், தீமிதி எல்லாம் உள்ளது உள்ளபடி வந்தது. அடியில் உபயதாரர் வரி. அதில் அச்சாகியிருந்தது: கூழ் உபயம் குப்புராஜ் குடும்பத்தார், ஒலிபெருக்கி உபயம் பொன்னுரங்கம்.

"கூழ் உபயம் பொன்னுரங்கம். ஒலிபெருக்கி உபயம் குப்புராஜ் குடும்பத்தார்" என்று படித்தாள் சாமுண்டி. குரல் பிசகவில்லை.

அவன் கண் திறந்தது. "இன்னா? கூழு நம்ப பேர்லயா?"

"ஆமா."

"குப்புராஜ் இதுக்கு எப்படி ஒத்துகினான்?"

"எனக்கு இன்னா தெரியும்? அச்சுல கீது. நீங்களே பாருங்க."

நோட்டீஸை அவன் பக்கம் திருப்பினாள். அவன் பார்த்தான். நாக்கு உதட்டை நக்கிற்று. "ஆமா, கீது" என்றான். பிறகு மெல்ல முகம் விரிந்தது. "அண்ணன் கையாலயே ஜாடை காட்டிப் பேசி முடிச்சிட்டாரு போல. கெட்டிக்காரரு. இன்னொரு தபா படி."

இன்னொரு தடவையும் படித்தாள். யாரிடமும் போய்க் கேட்டுத் தெளிய அவனால் முடியாது. கேட்டால், ஏன் நோட்டீஸ் உன் கையில்தானே இருக்கிறது என்பார்கள். அந்தக் கதவையும் சேர்த்துத்தான் அவள் சாத்தியிருந்தாள். அன்றைக்கு ராத்திரி அவளுக்கு நல்ல தூக்கம்.

வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கிற நேரத்தில் கோயில் வாசல் நிரம்பிவிட்டது. ஏரிப் பக்கமிருந்து காற்று வேப்பிலைத் தோரணத்தைப் பிய்த்தது. கர்ப்பக்கிருகத்துக்கு நேர் எதிரே பெரிய பித்தளை அண்டாவில் பானகம் கரைத்து வைத்திருந்தார்கள். வெல்லமும் சுக்கும் ஏலக்காயும் மணந்தன. பக்கத்திலேயே, படித்து முடித்ததும் வீடு வீடாகக் கொடுக்க மிச்ச நோட்டீஸெல்லாம் கட்டாக இருந்தன. முன்வரிசைக்காரர்களுக்கு முதலிலேயே ஆளுக்கொன்று கொடுத்துவிட்டார்கள். சாமுண்டி பெண்கள் பக்கம், குப்புராஜ் சம்சாரம் அஞ்சம்மாளுக்கு அருகில், கிளியை மடியை ஒட்டி இருத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அஞ்சம்மாள் தன் வீட்டில் கேழ்வரகு அரைத்த கதையை விலாவாரியாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பொன்னுரங்கம் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு மைக்குக்கு முன்னால் வந்தான். நோட்டீஸை விரித்தான். அவனுக்கு நல்ல குரல். முதல் வரியிலேயே கூட்டம் அடங்கியது.

"உன் வூட்டுக்காரருக்கு இன்னா கொரலுடி. அண்ணனையே தூக்கி சாப்ட்ருவாரு போலக்குதே" என்றாள் அஞ்சம்மாள்.

கிளி கழுத்தை நீட்டி அப்பாவைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு அம்மாவின் காதில் வாயை வைத்தாள்.

"அம்மா, அப்பா படிக்கல."

"பின்ன?"

"மனப்பாடம். கண்ணு ஒரே எடத்துல நிக்குது பாரு. அப்படி நின்னா கண்டுபுடிச்சிடுவாங்க. நான் வரி வரியா ஓட்டுவேன்." தன் தொழிலை இன்னொருவர் அரைகுறையாகச் செய்வதைப் பார்க்கிறவளின் அலுப்பு அவள் குரலில் இருந்தது.

சாமுண்டி மகளைத் திரும்பிப் பார்த்தாள். அதற்குள் அந்த வரி வந்துவிட்டது.

"கூழ் உபயம் பொன்னுரங்கம்" என்று ஒலிபெருக்கி ஏரிக்கரை வரைக்கும் சொல்லிற்று. "ஒலிபெருக்கி உபயம் குப்புராஜ் குடும்பத்தார்."

அஞ்சம்மாள் பாதிப் பேச்சில் நின்றாள். முன்வரிசையில் நோட்டீஸ் வைத்திருந்தவர்கள் தாளைப் பார்த்தார்கள், ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். குப்புராஜ் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்தார்.

"இன்னா பொன்னுரங்கம், வெளையாடறியா? கூழு யார் பேர்ல கீது?"

"அச்சுல கீறதத்தானே மாமா படிக்கிறேன்."

"அச்சுல கீறதா? சரி. அந்த வரிய ஒண்டி இன்னொரு தபா படி. கைல கீற நோட்டீஸப் பாத்துப் படி. அம்மனும் கேக்கட்டும், அல்லாரும் கேக்கட்டும்."

பொன்னுரங்கம் தாளைப் பார்த்தான். கூழ் எங்கே இருக்கிறது, தன் பேர் எங்கே இருக்கிறது, எந்த வரி அந்த வரி. மைக்கில் அவன் மூச்சு மட்டும் இரைந்தது. நாக்கு வெளியே வந்து உதட்டை நக்கியது. வலது கால் இடது காலைத் தேய்த்தது. விரல் நோட்டீஸின் மூலையைச் சுருட்ட ஆரம்பித்தது.

சாமுண்டி நிமிர்ந்து உட்கார்ந்தாள். இதற்குத்தான் காத்திருந்தாள். நில்லு, நல்லா நில்லு, என் பிள்ளை நின்ன மாதிரி நில்லு என்று மனசுக்குள் சொன்னாள். சக்கரைப்பொங்கல் மாதிரி இனித்தது. அவன் நெற்றி வேர்வை ஒவ்வொரு சொட்டையும் அவள் ஆசையாகப் பார்த்தாள். இனி ஒரு வார்த்தைதான். பன்னிரண்டு வருஷத்துத் திரை கிழிந்துவிடும்.

மடியை ஒட்டி இருந்த சூடு இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

கிளி கூட்டத்துக் கால்களுக்கு நடுவே புகுந்து போயிருந்தாள். அண்டாவின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்தாள். ஒரு காலைத் தூணில் உதைத்துக்கொண்டு, பல்லைக் கடித்து, முழு பலத்தோடு தள்ளினாள். பித்தளை அண்டா கல்தரையில் புரண்ட சத்தம் மைக்கில் ஏறி இடி மாதிரி கேட்டது. அவ்வளவு பானகமும் அலையாக வந்தது. நோட்டீஸ் கட்டு மிதந்தது, குப்புராஜின் சரிகை வேட்டி நனைந்தது, முன்வரிசைக்காரர்கள் வழுக்கி ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள். பெண்கள் சேலையைத் தூக்கிக்கொண்டு அலறினார்கள். கிளி அதோடு நிற்காமல் மைக் ஒயரையும் ஒரு இழுப்பு இழுத்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

"அடிப்பாவி, அம்மன் பானகத்த கவுத்துட்டாளே. இத்த பொண்ணுனு பெத்தாங்களா, பேஜார பெத்தாங்களா" என்று அஞ்சம்மாள் தலையில் கை வைத்தாள். கூழ் யார் பேரில் என்ற கேள்வி வெல்லத் தண்ணீரோடு கால்வாயில் போய்விட்டது. ஊர் மொத்தமும் அந்தப் பத்து வயதுப் பெண்ணைத் திட்டிக்கொண்டிருந்தது. அவள் தோளில் பழைய ஸ்கேல் காயம் மஞ்சளோடு தெரிந்தது.

பொன்னுரங்கம் ஓடி வந்து அவள் கையைப் பிடித்தான். பழக்கப்பட்ட கை தானாக மேலே போயிற்று. கிளி இந்தத் தடவை சுவரைப் பார்க்கவில்லை. அவன் முகத்தைப் பார்த்தாள். கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு பக்கத்தில் வந்துவிட்ட சாமுண்டிக்கும் கேட்கிற குரலில், அவசரமாக, ரகசியம் மாதிரிச் சொன்னாள்.

"நம்ப முறை வர்றதுக்கு முன்னாடியே செஞ்சிடணும்பா. நீ லேட்டு பண்ணிட்ட."

தூக்கின கை தூக்கினபடி நின்றது. பிறகு எங்கே போவதென்று தெரியாமல் இறங்கி வந்து மகளின் தலையில் விழுந்தது. அப்படியே அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டான். போகும்போது சாமுண்டியைப் பார்த்தான். அவள் பார்வையைத் தாழ்த்தவில்லை.

புதுப் பானகம் கரைக்கவும் மறுபடி நோட்டீஸ் அடிக்கவும் ஆகும் செலவைத் தானே ஏற்பதாக அன்றே ஆள் அனுப்பிச் சொன்னான். குப்புராஜ் சமாதானமானார். அன்றைக்கு யார் எந்த வரியை எப்படிப் படித்தார்கள் என்பது ஊருக்கு மறந்தே போயிற்று. அண்டா கவிழ்த்த கிளி என்ற பேர் மட்டும் நின்றது.

வீட்டில் கிளி வெல்லப் பிசுக்கோடு அப்படியே தூங்கிப் போயிருந்தாள். எறும்பு வருமே என்று ஈரத்துணியால் அவள் காலைத் துடைத்துக்கொண்டிருந்தாள் சாமுண்டி.

"மாத்திப் படிச்சியா?" என்றான் பொன்னுரங்கம்.

"ஆமா."

"வேணும்னே?"

"வேணும்னே."

"அப்ப பன்னெண்டு வருசமா நீ படிச்சதுல எது நெசம், எது பொய்யி?"

"ஒரு எழுத்து மாத்தாமப் படிச்சேன். தொண்டை கட்டுனப்பவும் படிச்சேன். அதுக்கும் சேத்துத்தான் நேத்திக்கி மாத்துனேன்."

அவன் சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டான். அவளிடம் சொல்கிற மாதிரி இல்லாமல் சொன்னான்.

"நான் சிலேட்ட வாத்தியார் மண்டையில அடிச்சேன். ரத்தம் வந்துச்சு. அத்தோட மாடு மேய்க்க அனுப்பிட்டாங்க. அன்னிக்கித்தான் நிம்மதியா தூங்குனேன். அந்த எழுத்துங்க ஏரியில குஞ்சு மீனு மாதிரி, உத்துப் பாத்தா ஓடிடும் சாமுண்டி. இவளுக்கும் அதே மாதிரி ஓடுதுன்னு எனக்கு மொதல்லயே தெரியும். தெரிஞ்சதாலதான் கோவம் வந்துச்சு."

அந்த இடத்தில் அவள் ஒரு வார்த்தை ஆறுதல் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. கிளியின் தோள்பட்டையைப் பார்த்தாள், விழுங்கிவிட்டாள்.

"ஆஸ்டலு வேணாம்" என்றான் அவன்.

"அத்த நான் எப்பவோ முடிவு பண்ணிட்டேன்" என்று விளக்கைச் சின்னதாக்கினாள்.

காலையில் வழக்கம்போல் அவன் காபியோடு கட்டிலில் சாய்ந்தான். பழக்கத்தில் கண்ணைக்கூட மூடிவிட்டான். சாமுண்டி வந்தாள். பேப்பரைத் தரையில் விரித்தாள். அதே தைப் பொங்கல் பேப்பர். கிளியைக் கூப்பிட்டு அதன் ஒரு பக்கம் உட்காரவைத்தாள். மறுபக்கத்தைக் காட்டி, "கீழ எறங்கிக் குந்துங்க" என்றாள்.

"இது அன்னிக்கிப் பாத்த பழசாச்சே" என்றான் அவன். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"பழசுதான். பேப்பர்காரன நிறுத்திட்டேன். இத்த ரெண்டு பேரும் படிச்சு முடிக்கிற வரைக்கும் இந்த வூட்டுக்கு அடுத்த பேப்பர் கிடையாது. ஒலகத்துல இன்னா நடந்தாலும் உங்களுக்கு பொங்கல்தான்."

அவன் சுற்றிப் பார்த்தான். யார்டில் லாரி ஹாரன் அடித்தது. யாரோ கூப்பிட்டார்கள். அவள் நகரவில்லை. அவன் கீழே இறங்கிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். தலைப்பின் முதல் எழுத்தில் விரலை வைத்தாள் சாமுண்டி. அவன் நாக்கு உதட்டை நக்கிற்று. கால் காலைத் தேய்த்தது. தாளின் மூலையைத் தேடி விரல் வந்தது. எதிரில் இருந்த கிளி அதைப் பார்த்ததும் சட்டென்று திரும்பி, காபி டம்ளர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று பார்த்தாள்.

"வேணாம் கிளி. இங்க யாரையும் வெளிய அனுப்ப மாட்டாங்க" என்று டம்ளரை எடுத்துத் தள்ளி வைத்தாள் சாமுண்டி. பிறகு யார்டு மேஜையிலிருந்து கொண்டு வந்திருந்த மர ஸ்கேலை மடியில் குறுக்கே வைத்துக்கொண்டாள். அதை அவள் ஓங்கப்போவதில்லை. அது அவளுக்குத் தெரியும். அவனுக்குத் தெரியவேண்டிய அவசியம் இல்லை.

"ம், சொல்லுங்க" என்றாள் புருஷனைப் பார்த்து. "உங்க முறை."